தக்காளியும் கறவை மாடும்

அன்புள்ள அண்ணா,

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலேஜ் நாளிலிருந்து இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான லிவர்பூலின் ரசிகன். நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும் மேட்ச்சைப் பார்த்துவிட்டு, தூங்காமலே விடிகாலை மண்டிக்குப் போன நாட்கள் நிறைய.

2025 கோடையில் நம் கிளப் பேசிய பேரம் இன்னும் மனசில் உறுத்துகிறது. ஆகஸ்ட் 1 அன்று நியூகாசில் கிளப்பிடம் முன்களவீரர் அலெக்சாண்டர் இசாக்கை 11 கோடி பவுண்டுக்குக் கேட்டோம். முடியாது என்றார்கள். ஒரு மாதம் இழுத்தடித்து, ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடும் நாளான செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி கொடுத்து வாங்கினோம். அதே ராத்திரி கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் மார்க் கேஹியை 3.5 கோடிக்குப் பேசி முடித்த பிறகு, கடைசி நேரத்தில் அது கைநழுவியது. ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி அதே ஆளை 2 கோடிக்குக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் மண்டியில் வெயில் ஏறிய பிறகும் நிற்கிற கூடைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. காத்திருப்பவனுக்கு விலை இறங்க வேண்டும். நமக்கு மட்டும் ஏன் ஏறுகிறது? பேரம் பேசத் தெரியாதவர்கள் கையிலா கிளப் இருக்கிறது?

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வியில் இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. செப்டம்பர் 1 ராத்திரி நம் நேரம் பதினொன்றரைக்கு விண்டோ மூடும்வரை நானும் கிருஷ்ணகிரியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேஹி வரவில்லை என்று தெரிந்தபோது, கேட்டதைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், அங்கே பணம் தடையாகவே இல்லை.

நீங்கள் தக்காளியைப் பார்த்துப் பழகிய கண்ணால் இந்தப் பேரத்தைப் பார்க்கிறீர்கள். தக்காளி கொண்டுவந்த விவசாயிக்கு அன்றைக்கே விற்றாக வேண்டும். கூடையைத் திருப்பி எடுத்துப் போனால் வண்டி வாடகையும் நஷ்டம், காயும் நஷ்டம். அதனால் நேரம் முழுக்க வாங்குகிறவன் பக்கம். ஆட்டக்காரர்களிலும் தக்காளி உண்டு. 2025 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடியவிருந்த டிரென்ட் அலெக்சாண்டர் ஆர்னால்டு அப்படித்தான். உலகத்தின் சிறந்த ரைட் பேக்குகளில், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர், லிவர்பூல் ஊர்ப் பிள்ளை. கிளப் உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்னதாக விடுவதற்காக ரியல் மாட்ரிட் கொடுத்த 1 கோடி யூரோ மட்டும்தான் நமக்குக் கிடைத்தது. அந்த ஒரு மாதமும் பொறுத்திருந்தால் அதுவும் இல்லை.

இசாக் தக்காளி இல்லை. 2022இல் ஆறு வருட ஒப்பந்தம், 2028 வரை இருந்தது. முந்தைய சீசன் லீக்கில் 23 கோல். மார்ச்சில் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராகவே கோல் போட்டு, எழுபது வருடமாக உள்நாட்டுக் கோப்பை எதையும் காணாத ஊருக்குக் கோப்பையைக் கொண்டுவந்தவர். அவர் கறவை மாடு. கறவை மாட்டின் பேரம் வேறு மாதிரி நடக்கும். எனக்கு அது போச்சம்பள்ளிச் சந்தையில் தெரிந்தது.

1998 என்று நினைவு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகாத காலம், எங்களுக்கு எல்லாமே தர்மபுரி மாவட்டம்தான். கிணற்று மோட்டார் எரிந்துபோயிருந்தது, கையில் காசில்லை. இரண்டாம் ஈத்து கலப்பினப் பசு ஒன்று இருந்தது, இரண்டு வேளையும் சேர்த்து பதினோரு லிட்டர் கறக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அப்பா அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினார், நான் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வியாபாரி திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், மடியைத் தடவிப் பார்த்தார். தரகர் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அப்பாவின் கையை அதனடியில் இழுத்துக்கொண்டு விரல்களைப் பிடித்தார். துண்டு அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா தலையாட்டி மறுத்தார். தரகர் வியாபாரியிடம் போய் அவர் கையைப் பிடித்தார், திரும்பி வந்தார். மறுபடி துண்டு, மறுபடி விரல். பதினோராயிரம் பதினொன்றரையாகி, கடைசியில் பன்னிரண்டாயிரத்துக்கே வந்தது. அப்பா வீட்டிலிருந்து கிளம்பும்போது மனசில் வைத்திருந்த விலையே அதுதான். அப்போதும் "வேணாங்க" என்றார்.

வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. தரகர் மட்டும் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உனக்குப் பணம் கொறச்சலா, மாடு கொறச்சலா? அத சொல்லு மொதல்ல" என்றார். அப்பா சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது: "நாளைக்குக் காலைல சொசைட்டிக்கு என்னாத்த ஊத்தறது?"

தரகர் அவர் கையைப் பிடித்துச் சந்தையின் மறுகோடிக்குக் கூட்டிப் போனார். அங்கே தலைஈத்து மாடு ஒன்று, ஏழு லிட்டர் கறக்கும் என்றார்கள். ஏழாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. அதன் கயிறு கைக்கு வந்த பிறகு அப்பா எங்கள் மாட்டைப் பதினோராயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தார். மறுத்த விலையைவிட ஐந்நூறு குறைவு. ஏன் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டுத்தறி காலியாக இருக்கும்வரை எந்த விலையும் அவருக்குப் போதவில்லை என்பது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

இப்போது நியூகாசிலைப் பாருங்கள். அவர்களும் அந்தக் கோடையில் மாற்று மாடு தேடிச் சந்தை முழுக்க அலைந்தார்கள். ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹூகோ எகிடிகேவைக் கேட்டார்கள். அவரைக் கடைசியில் யார் ஓட்டிக்கொண்டு போனது? நாம்தான், 6.9 கோடி பவுண்டும் மேற்கொண்டு 1 கோடி வரையும் சொல்லி. அடுத்து பெஞ்சமின் செஸ்கோவைக் கேட்டார்கள், அவர் மான்செஸ்டர் யுனைடெட் போனார். நாம் ஒரு கையால் அவர்கள் கட்டியிருக்க வேண்டிய மாட்டை ஓட்டிக்கொண்டு போய், மறு கையால் அவர்கள் தொழுவத்தில் மிஞ்சியிருந்த மாட்டுக்கு விலை பேசினோம். விலை ஏறாமல் என்ன செய்யும்? 11 கோடி 12.5 கோடி ஆனதில் ஒரு பங்கு நாம் ஜூலையில் செய்ததற்கான கூலி என்றே நான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 30 அன்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து நிக் வோல்டமாடேவைத் தங்கள் கிளப் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். செப்டம்பர் 1 அன்று பிரென்ட்ஃபோர்டின் யோவான் விஸ்ஸா. தறியில் கயிறு விழுந்தது, இசாக் கிளம்பினார். மாதம் முழுக்க "விற்பனைக்கில்லை" என்றவர்கள் இரண்டே நாளில் மனம் மாறிவிடவில்லை. அவர்களுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒன்றை இங்கே மனதாரச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் இசாக் நடந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. தனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார்கள் என்றார், அப்படி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்றது கிளப். உள்விவகாரம் எதுவாகவும் இருக்கட்டும். ஆகஸ்ட் 25 ராத்திரி நியூகாசில் மைதானத்தில் நாம் 3–2 என்று வென்ற ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேரோடு ஆடி இரண்டு கோலைத் திருப்பிய அந்த அணியிடமிருந்து, கடைசி நொடியில் பதினாறு வயது ரியோ என்குமோஹா ஆட்டத்தைப் பறித்தான். நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் தங்கள் முன்களவீரன் ஆட மறுத்து வெளியே உட்கார்ந்திருக்க, தொண்டை கிழியக் கத்திய அந்த ஊர்க்காரர்களை நினைத்தபோது வலித்தது. நம் கிளப் அந்த நிலைமையால் லாபம் பார்த்தது. அது எனக்குப் பெருமையாக இல்லை.

மனிதர்களை மாடு என்று எழுதக் கை கூசுகிறது. பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மனை லியேஜ் கிளப் அப்படித்தான் நடத்தியது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் விலை கேட்டு, வேறு கிளப்புக்குப் போகவிடாமல் தடுத்தது. அவர் வழக்காடி, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பால்தான் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தன் காலால் நடந்து போக முடிகிறது. டிரென்ட் போனதும் அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான். சந்தையில் மாட்டுக்கு வாய் கிடையாது. இங்கே உண்டு, இருக்கவும் வேண்டும். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வாயை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

கேஹி விஷயத்துக்கு வருகிறேன், உங்களை அதிகம் உறுத்துவதும் அதுதான் என்று தெரிகிறது. கணக்குப்படி கேஹி தக்காளிதான். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் பாக்கி, 2026 ஜூனில் சும்மாவே போய்விடுவார். பேலஸ் விற்றே தீரும் என்று நம் ஆட்கள் கடைசி நாள்வரை காத்திருந்தார்கள். அங்கேதான் தப்புக் கணக்கு. மே மாதம் பேலஸ் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, அவர்கள் வரலாற்றின் முதல் பெரிய கோப்பை. அதைத் தூக்கிய கேப்டன் கேஹி. ஆகஸ்டில் கம்யூனிட்டி ஷீல்டில் நம்மையே பெனால்டியில் தோற்கடித்தார்கள். முதல்முறையாக ஐரோப்பியப் போட்டியின் பிரதானச் சுற்றில் ஆடப் போகிற சீசன் வேறு. மாற்றாக அவர்கள் பேசிவைத்திருந்த பிரைட்டனின் இகோர் ஜூலியோ கடைசி நேரத்தில் வெஸ்ட் ஹாம் பக்கம் போய்விட்டார். பயிற்சியாளர் ஆலிவர் கிளாஸ்னருக்கு முதலிலிருந்தே கேஹியை விட மனசில்லை. தறி காலி, கையில் நேரமும் இல்லை. 3.5 கோடியைத் தள்ளிவிட்டார்கள்.

ஜூலையிலேயே அதே 3.5 கோடியை எடுத்துப்போய், "இந்தாருங்கள் பணம், ஆறு வாரம் இருக்கிறது, நிதானமாக வேறு ஆள் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் இன்று நம் ஆளாக இருந்திருப்பார் என்பது என் எண்ணம். நாம் வீணாக்கியது நம் நேரத்தை அல்ல, விற்கிறவனுடைய நேரத்தை. அதன் பலன் வெகு சில நாளிலேயே தெரிந்தது. பார்மாவிலிருந்து வாங்கிய பதினெட்டு வயது ஜொவான்னி லியோனி முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தபோது, தடுப்பு வரிசையில் நிறுத்த ஆளில்லாமல் தவித்தோம்.

இதே கிளப்புக்கு இது தெரியாததல்ல. 2017 ஆகஸ்டில் பார்சிலோனா நம் ஆட்டக்காரர் கூட்டீன்யோவை மேலே மேலே கேட்டபோது மறுத்தவர்கள் இவர்கள்தான். போக வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தும் விடவில்லை, ஏனென்றால் மாற்று ஆள் தேட நாளில்லை. ஜனவரியில் 14.2 கோடி பவுண்டு வரை பேசி அனுப்பினார்கள். அதற்கு முன்பே 7.5 கோடிக்குத் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கைச் சவுத்தாம்ப்டனிலிருந்து கட்டியாகிவிட்டது. அந்த வான் டைக்குக்காக அதே வருடம் ஜூனில் சவுத்தாம்ப்டனிடம் பகிரங்க மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி, ஆறு மாதம் பொறுத்தவர்களும் இவர்களே. 2019இல் ஐரோப்பியக் கோப்பை வந்தது அந்தப் பொறுமையால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் பேரம் தெரியாதவர்கள் கையில் கிளப் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கோடையில் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்த அவசரத்தில், தெரிந்ததை மறந்தார்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது கேஹி கதையை அப்பாவிடம் சொன்னேன். கால்பந்து அவருக்குத் தெரியாது. 3.5 கோடியை விட்டுவிட்டு ஜனவரியில் 2 கோடிக்குக் கொடுத்தார்கள், ஒன்றரைக் கோடி நஷ்டம் என்றேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

"நடுவுல எத்தினி மாசம் கறந்தாங்க?"

"நாலரை மாசம்பா."

"அப்ப சரி" என்றார். பிறகு, "உங்காளுங்க ஏன்டா சந்த கலையற நேரத்துக்குப் போனாங்க?" என்று கேட்டார்.

அன்புடன்.