ஃபால்கனுக்குத் திரும்புதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் ஃபால்கன் 4.0 என்னும் போர் விமான சிமுலேட்டரில் இரவு பகலாக மூழ்கிக் கிடந்தவன் நான். வேலையும் குடும்பமும் வந்தபின் அது விட்டுப்போயிற்று. இப்போது அதன் இன்றைய வடிவமான ஃபால்கன் பி.எம்.எஸ்ஸை நிறுவியிருக்கிறேன். இன்ஜினை இயக்கவே தெரியவில்லை. நேராகப் போருக்குள் நுழைந்தேன். முதல் ஏவுகணையிலேயே விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்தவையெல்லாம் எங்கே போயின? இந்த வயதில் மறுபடி கற்க முடியுமா, எளிய விளையாட்டு ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லதா?

எம்.

அன்புள்ள எம்.,

மாற வேண்டாம். ஏவுகணை தொலைவு செல்லச் செல்ல வேகமிழக்கும் என்பதும், உயரத்தில் இருப்பவருக்கே சண்டையில் வாய்ப்பு அதிகம் என்பதும், இறுக்கமாகத் திரும்பினால் விமானத்தின் வேகம் கரையும் என்பதும் உங்களுக்கு இன்றும் நினைவிருக்கும். கண் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும், கை எப்போது எங்கே செல்ல வேண்டும் என்னும் பழக்கம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. உண்மையான விமானப்படைகளில்கூட, சில ஆண்டுகள் மேசைப் பணியில் இருந்துவிட்டுத் திரும்பும் விமானிகளை நேரே போர்ப் படையணிக்கு அனுப்புவதில்லை. அவர்கள் மறுதகுதிப் பயிற்சியை முடித்தபின்னரே அங்கே செல்கிறார்கள். தொழிலாகவே பறந்தவர்களுக்கு வேண்டியிருக்கும் அந்தப் பயிற்சி உங்களுக்கும் வேண்டியிருப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். நீங்கள் விட்டுச்சென்ற சிமுலேட்டரும் இன்று திறந்து பார்ப்பதும் ஒன்றல்ல. மைக்ரோப்ரோஸ் 1998 டிசம்பரில் வெளியிட்ட ஃபால்கன் 4.0இன் மூல நிரல் 2000இல் வெளியே கசிந்தது. அதன்பின் ஆர்வலர் குழுக்கள் அதை ஆண்டுக்கணக்காகத் திருத்தி வளர்த்தன. 2011இல் பி.எம்.எஸ் 4.32 வந்தது, 2022இல் வந்த 4.37 மெய்நிகர் கண்ணாடியையும் ஏற்றது. விமானம் காற்றில் நடந்துகொள்ளும் விதம், ரேடார், ஆயுதங்கள் எல்லாமே முன்னைவிடக் கடுமையாகிவிட்டன. ஆகவே உங்கள் தடுமாற்றத்தில் ஒரு பகுதி மறதியே அல்ல. நீங்கள் இதுவரை கற்றிராதது.

இன்ஜினிலிருந்தே தொடங்குங்கள். ரன்வேயில் தயாராக நிற்கும் நிலையிலிருந்து புறப்படும் வசதி இருக்கிறது; சில வாரங்களுக்கு அதைத் தொடாதீர்கள். குளிர்ந்து கிடக்கும் எஃப்-16இல் (ஃபால்கனில் நீங்கள் ஓட்டும் போர் விமானம்) மின் இணைப்பைக் கொடுத்து, இன்ஜினைச் சுழற்றிவிடும் ஜெட் ஃப்யூவல் ஸ்டார்ட்டரை இயக்கி, இன்ஜின் சுழற்சி 20 விழுக்காட்டைத் தாண்டியபின் த்ராட்டில் எனும் வேகக் கைப்பிடியை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த இயக்க நிலைக்கு, கொண்டுவந்து, வெப்பமானி வரம்புக்குள் நிற்கிறதா என்று கவனித்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்திருப்பது வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடப்புறப் பலகையில் எது, வலப்புறப் பலகையில் எது என்பது கைக்குப் பழகுவது இந்த வேலையில்தான். திசைகாட்டும் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; அதுவரை விமானம் அசையக் கூடாது. அந்த நேரத்தில் வழித்தடப் புள்ளிகளையும் எரிபொருளையும் ஆயுதங்களையும் சரிபாருங்கள். இப்படித் தரையில் பழகிய கைதான், பின்னால் ஏவுகணை வரும்போது ஸ்விட்சைத் தேடாமல் இருக்கும்.

அடுத்தது தரையிறக்கம். இறங்கும்போது எதிர்க்காற்றுக்கும் மூக்குக்கும் இடையிலான கோணத்தை 11 முதல் 13 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். சக்கரம் தொட்டபின்னும் 13 பாகையிலேயே மூக்கைத் தூக்கிப் பிடித்துக் காற்றையே பிரேக்காக்கி, வேகம் 100 நாட் அளவுக்குக் குறைந்ததும் இறக்க வேண்டும். 15 பாகையைத் தொட்டால் விமானத்தின் வால் பகுதி தரையில் உரசும். வேகம், கோணம், இறங்கும் வீதம், ரன்வே ஆகிய நான்கையும் மாறி மாறிப் பார்த்தபடி கை தன் வேலையைச் செய்ய வேண்டிய இடம் இது. வண்டியோட்டுபவர் சாலையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்ப்பதைப் போல, அந்தப் பார்வைச் சுற்று எண்ணாமலே நடக்கத் தொடங்கிவிட்டால், நீங்கள் இழந்ததாக வருந்துவதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது என்று கொள்ளலாம்.

பழைய பொத்தான் அமைப்புகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டாம். உண்மையான எஃப்-16இல் எந்தப் பொத்தான் எந்த விரலின் கீழ் இருக்கிறதோ, உங்கள் கட்டுப்பாட்டு ஸ்டிக்கிலும் இயன்றவரை அப்படியே அமையுங்கள்.

முதல் ஏவுகணையிலேயே விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எச்சரிக்கை ஒலி கேட்டதும் வந்த வழியே திரும்பி ஓடியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஏவுகணை தொலைவில் இருந்தால் அது சரியான முடிவே. அருகில் வந்துவிட்டால் உதவாது. எதிரியின் ரேடார் இருக்கும் திசைக்குச் செங்குத்தாகத் திரும்பித் தாழப் பறந்தால், அதை நெருங்கும் வேகம் ஏறத்தாழ இல்லாமலாகி, தரையிலிருந்து வரும் எதிரொலிகளோடு உங்களையும் அந்த ரேடார் கழித்துவிட வாய்ப்புண்டு. ரேடாரைக் குழப்ப வீசும் உலோக இழைகளான சாஃப் பயன் தருவதும் அப்போதுதான். ஒரே ஒரு எதிரியை வைத்து இதைத் திரும்பத் திரும்பப் பயிலுங்கள்.

அதற்குப் பிறகு கேம்பெய்னுக்கு, அதாவது தொடர்ந்து நடக்கும் முழுப் போருக்கு, செல்லலாம். இன்றுவரை ஃபால்கனை விட்டு நான் விலகாததற்குக் காரணம் அதுதான். கொரியத் தீபகற்பம் முழுவதும் ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் படைகள் நகர்கின்றன, பாலங்கள் உடைகின்றன, கையிருப்பு குறைகிறது. உங்களைச் சுற்றியுள்ள வட்டத்தில் ஒவ்வொரு விமானமும் தனித்தனியே இயங்க, அதற்கு வெளியே நடப்பவை கணக்கீடாக ஓடுகின்றன. 1998இல் செய்யப்பட்ட இந்த அமைப்புக்கு இணையாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. முதலில் முன்னணிக்குப் பின்னால் காவல் சுற்றும் பணிகளையே தேர்ந்தெடுங்கள்; சுடாமல் திரும்பினாலும் அது நல்ல பறத்தலே. அந்த வரைபடத்தில் வரும் தென்கொரியாவின் குன்சான் உண்மையான விமானதளம். கொரியப் போரில் 1953இல் கையெழுத்தானது போர்நிறுத்தம்தான், அமைதி உடன்படிக்கை இன்றும் இல்லை. அந்த வரைபடத்தை உரிய மதிப்போடு அணுகுவது நல்லது.

வானில் எரிபொருள் நிரப்புவதைக் கடைசிக்கு வையுங்கள். எரிபொருள் தரும் டேங்கர் விமானத்தின் பின்னால் ஸ்டிக்கை இறுகப் பிடித்தால் விமானம் மேலும் கீழும் ஊசலாடத் தொடங்கும். தரையிறக்கம் சீராகும்வரை அந்த ஊசலாட்டத்தை அடக்குவது கடினம். அந்த நிலைக்கு வந்ததும் எழுதுங்கள். அங்கே த்ராட்டிலைக் கையாளும் விதம் பற்றித் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது.