சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, டீசல் டிப்பர் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இதே ஒரு ‘டக்’குக்கு 24,000 ரூபாய் அழுதவன் நான்.

உங்களுடையதும் என்னுடையது போல 24 வோல்ட், இரண்டு பேட்டரி வைத்த பழைய டிப்பர்தான் என்று நினைத்துச் சொல்கிறேன். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால் கிளட்ச் சுவிட்ச், சென்சார் என்று கதை வேறு. நான் மெக்கானிக் இல்லை, ஓட்டுகிறவன். படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

எனக்கு நடந்தது கிரஷரில். விடியற்காலை 4 மணி, எம்-சாண்டு லோடுக்கு வரிசையில் நிற்கிறேன். முன் வண்டி நகர்ந்தது, சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திருப்பினாலும் அதே டக், லைட் துளிகூட மங்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் லைட் செத்துப்போகும், சத்தமும் டகடகவென்று வரும். டக்கே இல்லையென்றால் சாவி, ரிலே, ஃபியூஸ் பக்கம் பார்க்க வேண்டும். இதெல்லாம் இன்றைக்குப் பேசுகிறேன், அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

லோடரை விட்டு என் வண்டியை ஓரமாக இழுத்துப் போட்டு, பின்னால் இருந்தவர்களுக்கு லோடு கொடுத்தார்கள். அது நியாயம்தான். ஆனால் அவர்கள் மெஷின் ரிப்பேர் ஆகி நாம் பத்து மணி நேரம் காத்துக் கிடந்தால் ஒரு ரூபாய் தருவார்களா? ஒரு டீ கூடக் கிடையாது. சரி, விடுங்கள்.

வந்த மெக்கானிக் பேட்டரி என்றார். இரண்டும் புதிதாகப் போட்டேன், மூன்று தடவை ஸ்டார்ட் ஆனது, மறுபடி டக். அடுத்து, இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாரான செல்ஃபைக் கழற்றி கார்பன், புஷ் மாற்றியதில் 3,800. நான்கு நாள் ஓடியது, மறுபடி டக். அன்றைக்குத்தான் எதேச்சையாக ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுவிட்டேன், விரல் சுட்டது. ஓடாத வண்டியில் கேபிள் ஏன் கொதிக்கிறது?

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வயதான எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையை, சேஸிஸுக்குப் (வண்டியின் அடிச்சட்டம்) போகிற பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் மாட்டி, “அடிங்க தம்பி” என்றார். ஒரே அடியில் எடுத்தது.

பேட்டரி மைனஸ் சேஸிஸில் இருக்கிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது பின்னல் மாதிரி இருக்கும் ஒரு எர்த் பட்டைதான். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அது வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டால் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், அதுதான் சூடு. பட்டையைக் கழற்றினால் அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்! 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டுமே, அதற்காக சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். எமரி பேப்பரால் இரும்பு தெரியத் தேய்த்து மாட்டினார். 200 கேட்டார், 500 கொடுத்தேன்.

ஆகவே முதலில் டெர்மினல்களைச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் இந்த ஜம்பர் வேலை. மீட்டர் இருந்தால் மைனஸுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தைப் பாருங்கள். எனக்கு 11 காட்டியது. செல்ஃபில் ஸ்பேனரை வைத்து ஷார்ட் செய்வதை மட்டும் செய்யாதீர்கள், கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

எக்ஸ்சேஞ்சில் நான் கொடுத்த பழைய பேட்டரிகளில் ஒன்று இப்போது எங்கள் ஊர் டிராக்டர் ஒன்றில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.