எம்சிபி ட்ரிப் ஆகுதுன்னு பெருசா மாத்தலாமா?

ஏசியும் கீசரும் ஒரே நேரத்துல ஓடினா 16 ஆம்ப் எம்சிபி (லோடு அதிகமானா கரண்ட்டத் தானாவே கட் பண்ற சுவிட்ச்) விழுது, எலக்ட்ரீஷியன் 32 போட்டுடலாம்ங்கறார், சரியான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாங்க! ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்ப் இழுக்கும், 2000 வாட்ஸ் கீசர் ஒம்பது ஆம்ப் கிட்ட, ரெண்டும் சேர்ந்தா 16 தாண்டுது, அதான் விழுது, அது அதோட வேலைய ஒழுங்கா செய்யுது. எம்சிபி இருக்கறதே வயரக் காப்பாத்தத்தான், வயர் 1.5 ஸ்கொயர் எம்எம்மா இருந்து நீங்க 32 போட்டா சுவத்துக்குள்ள வயர் சூடாகி இன்சுலேஷன் உருகினாகூட எம்சிபி விழாது.

டிபில (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) இருந்து கீசருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்க, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கற 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 16 ஆம்ப் எம்சிபி. அப்புறம் ஏசி பிளக்கக் கழட்டிப் பாருங்க, பின்னு பக்கத்துல பிளாஸ்டிக் பழுப்பாகி இருந்தா லூஸ் கனெக்ஷன், அந்தச் சூட்டுக்கு எம்சிபியும் விழாது ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) விழாது, சாக்கெட்ட உடனே மாத்திடுங்க.

ஆள் கூப்பிடறப்ப தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட வயர்மேன் சான்றிதழ் இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. "வயர் என்ன சைஸ்"னு பாக்காமலே பெரிய எம்சிபி போடறேன்ங்கறவர தயவுசெஞ்சு அனுப்பிடுங்க.