அப்பாவுக்குப் பல் ஆடியது, எனக்கும் ஆடுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 34. அப்பாவுக்கு 45 வயதுக்குள் பல்லெல்லாம் ஆடி விழுந்து, பல் செட் கட்டிக்கொண்டார். சித்தப்பாவுக்கும் அதே கதைதான். எனக்குப் பல் தேய்க்கும்போது சில நாள் ரத்தம் வருகிறது. எச்சிலை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார் ஆபீஸ் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஈறு சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

உங்கள் பயம் நியாயமானதுதான். 117 ஜோடி இரட்டையர்களின் ஈறுகளை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2000இல் வெளிவந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு வரை போகும் ஈறு நோயில், ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்று அது சொன்னது. ஆனால் ஈறு சிவந்து ரத்தம் கசியும் தொடக்கநிலை வீக்கத்தில், புகை போன்ற பழக்கங்களைக் கணக்கில் எடுத்த பிறகு, பரம்பரையின் பங்கு தெரியவில்லை. ஆக, இன்று உங்களுக்கு வரும் ரத்தத்துக்கு அப்பாவைக் காரணம் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அது பல் இடுக்கில் படிந்த அழுக்கும் காறையும்தான். அந்த வீக்கம் எவ்வளவு வேகமாக எலும்புக்கு இறங்கும் என்பதில்தான் குடும்பம் வருகிறது.

அப்படியானால் மரபணுவையே பார்த்துவிடலாமே என்று தோன்றும். இன்டர்லூகின்-1 என்ற, வீக்கத்தைத் தூண்டும் புரதத்தின் மரபணு மாற்றங்களுக்கும் கடுமையான ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1997இல் ஒரு ஆய்வு சொன்னது. அதை வைத்துப் பரிசோதனையும் விற்பனைக்கு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை; அந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதே இனத்துக்கு இனம் மாறுகிறது. இந்த நோயில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு, ஒவ்வொன்றும் செய்வது கொஞ்சம்தான். அதனால் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் நீங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஒரே மரபணுவால் வரும் ஈறு நோயும் அபூர்வமாக உண்டு. பாப்பியோன்-லெஃபெவ்ர் என்ற நோயில் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து, பால் பற்களே சீக்கிரம் ஆடி விழும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். 34 வயது வரை பல்லோடு இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை தேவையில்லை.

சரி, மருத்துவர் என்ன செய்வார்? மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார், பல்லுக்கு ஆறு இடம். 3 வரை பரவாயில்லை. 4, 5 என்று போய் ரத்தமும் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார். எலும்பு எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதை உங்கள் வயதால் வகுப்போம். 34 வயதில் 40 சதவீதம் தேய்ந்திருந்தால் கணக்கு 1ஐத் தாண்டும். நோய் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கு 0.25க்குக் கீழே என்றால் மெதுவானது. உங்கள் பரம்பரையும் பழக்கமும் சேர்ந்து இதுவரை செய்தது எல்லாம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. எந்த எச்சில் பரிசோதனையும் எனக்கு இதைச் சொல்வதில்லை.

போவதற்கு முன் வீட்டில் விசாரியுங்கள். அப்பாவும் சித்தப்பாவும் பீடி, சிகரெட் பிடித்தார்களா? சர்க்கரை இருந்ததா? இரண்டுமே பல்லை ஆட்டும். ‘கிளீனிங் பண்ணினால் பல் ஆடும்’ என்று பயந்து பல் டாக்டரிடமே போகாமல் இருந்தார்களா? அந்தத் தலைமுறையில் இதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். காறை சுரண்டியதும், ஏற்கெனவே எலும்பு தேய்ந்த பல்லின் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நீங்களும் சர்க்கரை பார்த்துவிடுங்கள், மூன்று மாத சராசரியையும் சேர்த்து. புகைபிடிக்கும் தம்பி, அண்ணன் இருந்தால் கூட்டிப் போங்கள். புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும், அவர்களுக்கு உங்களைப்போல ஓர் எச்சரிக்கை கூடக் கிடைக்காது.

செலவு யோசனையாக இருந்தால், கோட்டைப் பகுதியில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈறுப் பிரிவு எது என்று கேட்டுக் காலையிலேயே போய்விடுங்கள்.