சூளை கேள்வி-பதில்: மறுபடியும் கடல்மணல்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புகைபோக்கியைப் பற்றித்தான். ஐப்பசி மழைக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரம் புரிகிறது.

கே: சூளைக்குப் புகைபோக்கி எத்தனை அடி வைக்கலாம்? (ஏர்வாடி)

சூளையின் அளவைச் சொல்லாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? தீ மேலே போய்க் கீழே இறங்கி வெளியேறும் சூளை என்று வைத்துக்கொள்கிறேன். சூளையின் உள்ளுயரம் ஓரடிக்குப் புகைபோக்கி மூன்றடி. படுக்கையாகப் போகும் புகைவழிக்கு, மூன்றடிக்கு ஓரடி கூடுதல். உள்ளுயரம் 4 அடி, படுக்கை வழி 3 அடி என்றால் 13 அடி. அடுத்த முறை அளவோடு எழுதுங்கள்.

கே: கடற்கரை மணலை மூன்று தடவை கழுவித்தான் சிமெண்டில் கலந்தேன். மழை ஆரம்பித்ததும் அடிப்பகுதியில் கல் இடுக்கெல்லாம் உதிர்கிறதே? (தொண்டி)

உதிராமல் என்ன செய்யும்? ஒரே கலவையில் இரண்டு தப்பு. கழுவினால் உப்பு போகும், கிளிஞ்சல் போகுமா? பொடிக் கிளிஞ்சல் 850, 900 டிகிரிச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் ஈரக்காற்று பட்டால் நீறிப் பருத்து, சாந்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சிமெண்டோ 300 டிகிரிக்கு மேலேயே தளர ஆரம்பித்து, 500ஐத் தாண்டினால் அதற்குப் பிடிப்பே இல்லை.

நானும் பட்டவன்தான். தேவிபட்டினம் பக்கம் நான் கட்டிய முதல் புகைபோக்கியில் இதே வேலையைச் செய்தேன். சுட்டு முடித்த பத்தாம் நாள் பார்த்தால், இடுக்கெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. நகத்தால் சுரண்டினால் விபூதியாகக் கொட்டியது.

பிரித்துவிட்டு, களிமண் ஒரு பங்கு, உடைந்த பானையோட்டை இடித்துச் சலித்த தூள் இரண்டு பங்கு என்று குழைத்துக் கட்டுங்கள். பானையோடு நம் ஊரில் காசு கொடுத்தா வாங்க வேண்டும்? கல்லை நனைத்து வையுங்கள். இடுக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்), மிஞ்சினால் இரண்டு நூல். சாந்து என்பது கல்லை உட்கார வைக்கத்தான், பள்ளத்தை நிரப்ப அல்ல. அடிப்பகுதிக்குத் தீக்கல் (சூடு தாங்கும் செங்கல்), மேலே போகப் போக நன்றாக வெந்த நாட்டுச் செங்கல் போதும். கடல்மணல் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். எத்தனை தடவைதான் எழுதுவது!

கே: புகைவழியைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் பலகைக்குக் கடப்பாக்கல் போடலாமா? (மண்டபம்)

கூடாது. அது சுண்ணாம்புக்கல், சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

கே: எங்கேயும் புகை கசியவில்லை. ஆனாலும் இழுவை (புகையை மேலே இழுக்கும் காற்றோட்டம்) இல்லை. (உச்சிப்புளி)

ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும் என்று யார் சொன்னது? சூடான புகைபோக்கி வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். அந்தக் குளிர்ந்த காற்றுதான் இழுவையைக் கொல்கிறது. தீ நன்றாகப் பிடித்த பிறகு ஓர் ஊதுபத்தியை இடுக்கு இடுக்காகக் காட்டிக்கொண்டே போங்கள். புகை நூல் சட்டென்று வளைந்து உள்ளே நுழையும் இடம்தான் ஓட்டை. கரிக்கட்டியால் குறி வைத்து, ஆறியதும் அதே களிமண் சாந்தைக் கூழாக்கித் திணித்து, மேலே மண்ணும் உமியும் குழைத்துப் பூசுங்கள். சூடாக இருக்கும்போதே பூசினால் உரிந்துவிடும்.

கே: ஆடிக் காற்றில் புகை திரும்பி உள்ளே வருகிறது. (சாயல்குடி)

முகட்டைவிட மூன்றடியாவது மேலே தூக்குங்கள். உச்சியில் நாலு மூலைக்கும் கல் வைத்து மூடி போடுங்கள். தீவாயில் காற்று நேராக அடித்தால் தட்டி வேண்டாம், பற்றிக்கொள்ளும். செங்கல்லை அடுக்கி மறையுங்கள்.

கே: தகரக் கூரையில் புகைபோக்கி போகும் துளையைச் சாந்து வைத்து அடைக்கலாமா? (கீழக்கரை)

சூட்டில் புகைபோக்கி எழும்பும், கூரை எழும்பாது. சுற்றிலும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, புகைபோக்கியிலேயே ஒரு தகரப் பாவாடை கட்டி மழையை மறையுங்கள். ஓலைக் கூரை என்றால் என்னிடம் கேட்காதீர்கள், முதலில் ஓலையைப் பிரியுங்கள்.