டாக்டருக்குப் படிக்காமல் தொற்றுநோய் மருந்து ஆய்வில் வேலை பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். புள்ளியியல் படித்தவருக்கு அங்கே கடைசியில் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதானே வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை; அதில் பாதி வேலை, முதல் நோயாளி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டராக ஆசைப்பட்டவர், முதல் உலகப்போரில் காசநோய் வந்து படுக்கையில் விழுந்தார், அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்து, அப்புறம் புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார். 1947-இல் பிரிட்டனில் காசநோய்க்கான புது மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாருக்கும் போதாத நிலை. யாருக்குக் கொடுப்பது? டாக்டர் கையில் விட்டால் பிழைப்பார் என்று தோன்றுபவருக்கே கொடுத்துவிடுவார், பிறகு மருந்து வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் ஹில் குலுக்கல் போல வரும் சமவாய்ப்பு எண்களை வைத்து நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, யார் எந்தப் பிரிவு என்பதை ஒட்டிய உறைகளில் போட்டுவைத்தார். நோயாளியைச் சேர்ப்பது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிக்கலாம்; எக்ஸ்ரே பார்த்தவர்களுக்கும் யார் எந்தப் பிரிவு என்று தெரியாது.

ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் பலருக்குக் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, அதனால்தான் அடுத்த ஆய்வுகளில் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நம் சென்னையிலும் 1956-இல் தொடங்கிய ஆய்வில் இப்படித்தான் காசநோயாளிகளைப் பிரித்து, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) தங்கிச் சிகிச்சை பெறுவதற்குச் சமமாகக் குணமாகும் என்று காட்டினார்கள்.