மழைக்கு முன் வீட்டைச் சீர்செய்தல்: கொழும்பு வீட்டாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை மே மாதத்தில் தொடங்குவதற்கு முன்னர், வீட்டிலும் வளவிலும் தாங்களே செய்து முடிக்க விரும்பும் வேலைகளைப் பற்றிக் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வந்த கேள்விகளிற் பெரும்பாலானவை, பெயின்றைப் பற்றிக் கேட்டாலும் டைலைப் பற்றிக் கேட்டாலும், உண்மையில் தண்ணீரைப் பற்றியவை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகிறவர் அடுத்த ஆண்டும் அதே கடைக்குப் போக நேரும்.

கேள்வி (வெள்ளவத்தை): ஐயா, எங்களுடையது பாட்டனார் காலத்து வீடு. சுவரின் அடியில் மூன்றடி உயரம் வரை ஆண்டுதோறும் பெயின்ற் உரிந்து விழுகிறது. வெள்ளைத் தூளும் பூக்கிறது. கடையில் நீர்க்காப்புப் பெயின்ற் அடிக்கச் சொல்கிறார்கள். நானே அடிக்கலாமா?

பதில்: அம்மா, அடிப்பது கடினமான வேலை அல்ல, ஆனால் அந்தப் பெயின்றை இப்போது வாங்க வேண்டாம். மூன்றடியோடு நின்றுவிடும் ஈரம் பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறுவது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல்லும், நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் செந்நிறக் கபுக் கல்லும் நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. நீர் காய்ந்து போக, அதில் கரைந்திருந்த உப்பு சுவரின் முகத்தில் வெள்ளையாகத் தங்குகிறது. உட்புறத்தில் நீர்க்காப்புப் பெயின்ற் அடித்தால் ஈரம் வெளியேறும் வாசல் அடைபடும். தண்ணீர் இன்னும் மேலே ஏறி, நான்கடியில் உரியத் தொடங்கும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டொன்றை, பெயின்ற் உரிந்த இடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுவிடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளிகள் கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் மட்டும் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதாது.

அடுத்ததாக வீட்டைச் சுற்றி வெளியே நடந்து பாருங்கள். பழைய வீடுகளில் முற்றத்து மண்ணும் பின்னாளில் போட்ட சீமெந்துத் தரையும் சிறிது சிறிதாக உயர்ந்து, வீட்டின் உட்தரை மட்டத்தையே தாண்டி நிற்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். சுவரின் அடியில் இருக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்குக் குறைந்தது ஆறு அங்குலம் கீழே வெளிமண் நிற்க வேண்டும். சுவரை ஒட்டியிருக்கும் பூப்பாத்தியை அகற்றி, மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுப்பது நீங்களே ஒரு மண்வெட்டியால் செய்யக்கூடிய வேலை. செலவு மிகக் குறைந்த வேலையும் இதுதான். பயன் கூடிய வேலையும் இதுதான்.

வெள்ளைத் தூளை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள் போய்விடும். பிறகு பொறுமை வேண்டும்: ஓர் அங்குலத் தடிப்புக் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டடத் துறையில் சொல்லும் கணக்கு, கொழும்பின் ஈரக்காற்றில் அதற்கு மேலும் எடுக்கும். உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசிய கபுக் கல்லாக இருந்தால், திருத்தத்துக்கும் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துங்கள். அதன்மேல் கடினமான சீமெந்துப் பூச்சுப் போட்டால் ஈரம் அதற்குப் பின்னால் சிறைப்பட்டு, சில ஆண்டுகளில் பூச்சுப் பலகைபலகையாகக் கழன்று விழும்.

கேள்வி (பம்பலப்பிட்டி, அடுக்குமாடி): எங்கள் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுச் சீலிங்கில் தண்ணீர் கசிகிறது. டைல் இடுக்குகளை நானே சுரண்டி, புதுப் பூச்சு நிரப்பினால் நின்றுவிடுமா?

பதில்: பெரும்பாலும் நிற்காது. டைல் இடுக்கில் நிரப்பும் பூச்சு நீர்க்காப்பு அன்று. நீரைத் தடுப்பது டைலுக்கு அடியில் இருக்க வேண்டிய படலம். ஆயினும் எதையும் உடைப்பதற்கு முன்னர், கசிவு மூன்று இடங்களில் எங்கே என்று பிரித்தறியுங்கள்.

இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காதபோதும் அது சுற்றினால், அழுத்தத்தில் இருக்கும் குழாய் எங்கோ கசிகிறது. மேலே பொதுத் தாங்கி இருக்கும் கட்டடத்தில் உங்கள் வீட்டுக்கெனத் தனி மானி இருக்கிறதா என்று மட்டும் முன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள். மானி அசையாவிட்டால், தரையிலுள்ள நீர்வடிகால் வாயைத் துணியும் பொலித்தீனும் வைத்து இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி, ஒரு முழு நாள் நிறுத்துங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தச் சீலிங்கிலுள்ள விளக்கின் மின்சாரத்தை நிறுத்தச் செய்வது கட்டாயம். நீர் நிற்கும்போதே கீழே ஈரம் கண்டால் தரைப் படலம் பழுதாகிவிட்டது. நிற்கும்போது ஒன்றுமில்லை, அடைப்பை எடுத்து வடியவிட்ட பிறகே கசிகிறது என்றால் வடிகால் வாயின் மூட்டில்தான் பிழை. அதைத் திருத்த முழுத் தரையையும் உடைக்க வேண்டியதில்லை.

தரைப் படலம்தான் பழுது என்றால் டைல்களைக் கழற்றி, நூறுக்கு ஒன்று என்ற சரிவாவது வடிகாலை நோக்கி இருக்கும்படி தரையைச் சமப்படுத்தி, சீமெந்து சார்ந்த நீர்க்காப்புப் பூச்சை இரண்டு தடவை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூச வேண்டும். சுவரில் ஆறு அங்குலமும், ஷவர் உள்ள சுவரில் ஆளுயரமும் அது ஏற வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையிலும் குழாய் தரையைத் துளைக்கும் இடத்திலும் வலைத்துணி வைத்துப் பூசுங்கள். அந்த இடங்கள்தான் முதலில் வெடிப்பவை. டைல் பதிப்பதற்கு முன்னர் மீண்டும் ஒரு நாள் நீர் நிறுத்திப் பாருங்கள். மேசன் அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் தரையும் கீழ்வீட்டின் கூரையும் ஒரே கொங்கிறீற் தட்டு என்பதால், கட்டட முகாமைத்துவக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தொடங்கவும் வேண்டாம்.

கேள்வி (தெஹிவளை, கடற்கரைப் பக்கம்): பல்கனியின் அடிப்பக்கத்தில் கொங்கிறீற் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. சீமெந்து பூசி மூடலாமா?

பதில்: தயவுசெய்து பூச வேண்டாம். கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியாகக் கம்பியை அடைந்து அதைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கொங்கிறீற்றை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. மேலே சாந்து பூசினால் துரு நிற்காது, மறைய மட்டும் செய்யும். அதிலும், சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் பல்கனியில் சுமையைத் தாங்கும் முதன்மைக் கம்பி மேற்பக்கத்தில் இருக்கிறது. கீழே இந்த நிலை என்றால் மேலே என்ன நிலை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டயப் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்கும் வரை அந்தப் பல்கனியில் பூச்சாடிகளையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் வைக்காதீர்கள். அதற்குக் கீழே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): மழை பெய்தாலே எங்கள் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்துவிடுகிறது. காணொளி பார்த்து நானே வயர் வேலை கற்றுக்கொண்டேன். அதை நேரடி இணைப்பாக மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, கூடவே கூடாது. மின்சாரம் போக வேண்டிய வழியை விட்டு நிலத்துக்குக் கசியும்போது, வழக்கமாக 30 மில்லி அம்பியர் அளவிலேயே, அந்தச் சுவிச் விழுகிறது. கசியும் அந்த வழி ஒரு மனிதனின் உடலாகவும் இருக்கலாம் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. மழையில் விழுகிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது, பிழை எங்கே என்று குறுக்கிக் காண்பது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, சிறு பிரேக்கர்கள் அனைத்தையும் கீழே தள்ளிவிட்டு, ட்ரிப் சுவிச்சை மேலே தூக்குங்கள்; பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் பழுது. மழையோடு வரும் பழுது பெரும்பாலும் கேற் விளக்கிலோ, தண்ணீர்ப் பம்பிலோ, வெளிச்சுவர்ப் பிளக்கிலோ இருக்கும். அந்தப் பிரேக்கரை அணைத்தபடி விட்டு, தொழிற்றகைமை பெற்ற மின்னியலாளரை அழையுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதே விழுந்தால், அதற்கு மேல் எதையும் தொடாமல் அவரிடமே விட்டுவிடுங்கள். சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு; அழுத்தியும் விழாத சுவிச் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி (மட்டக்குளி): அஸ்பெஸ்டஸ் சீற் கூரையின் பாசியைத் தேய்த்துக் கழுவிப் பெயின்ற் அடிக்க எண்ணுகிறேன்.

பதில்: உலர்ந்த நிலையில் தேய்ப்பதும், அழுத்தத்தில் நீர் பாய்ச்சும் இயந்திரத்தால் கழுவுவதும், அரிவதும் நுண்ணிய நார்களைக் காற்றில் கலக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டசும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. உடையாத சீற்றை அப்படியே விடுவதுதான் பாதுகாப்பு. பழைய சீற் ஆளின் பாரத்தைத் தாங்காமல் உடையும் என்பதால் அதன்மேல் ஏறவும் வேண்டாம்.

கேள்வி (கிருலப்பனை): முற்றம் முழுவதும் சீமெந்து போட்டுவிட்டால் சேறு இராது என்கிறார்கள். பீலிகளிலும் நீர் தேங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முழு முற்றத்தையும் மூடாதீர்கள், அம்மா. மண் குடிக்கும் நீரையெல்லாம் வடிகாலுக்குத் தள்ளிவிட்டால், தாழ்வான உங்கள் பகுதியில் அது திரும்பி உங்கள் வாசலுக்கே வரும். நடக்கும் வழிக்கும் வாகனம் நிற்கும் இடத்துக்கும் மட்டும், மணற்படுக்கையின்மேல் இடைவெளி விட்டுக் கற்களைப் பதியுங்கள். மற்ற இடத்தில் புல்லோ வல்லாரையோ வளரட்டும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில், மழைநீரை மண்ணுக்குள் இறக்க வெட்டும் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் தானே நிரம்பிவிடும் என்பதால், யாராவது அதைப் பரிந்துரைத்தால் முதலில் மழைநாளில் ஒரு சிறு குழி தோண்டி, நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள்.

பீலியை மழைக்கு முன் வெறுமனே துப்புரவாக்கினால் போதாது. ஒரு வாளி நீரை மேல்முனையில் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று ஏணியில் நின்று பார்த்து, அந்த இடத்துத் தாங்கியை உயர்த்திக் கட்டுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்கட்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதன் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பூச்சாடித் தட்டுகளையும் தொட்டிகளையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். நுளம்பு பெருக இடம் விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

கேள்வி (வத்தளை): பழைய யன்னற் கம்பிகளைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வரம்பு விதித்தது 2011இல்தான். அதற்கு முந்தைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கும் என்றே கொள்ளுங்கள். நனைத்துச் சுரண்டுங்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள், தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியும் வரை குழந்தை வேறு வீட்டில் இருப்பது நல்லது.

கேள்வி (வெள்ளவத்தை): மொட்டை மாடியில் மண் நிரப்பிக் கீரைப் பாத்தி அமைக்க ஆசை. தட்டுத் தாங்குமா?

பதில்: வீட்டுத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் மேற்சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன; ஆள் ஏறாத கூரைத்தட்டு அதற்கும் குறைவாகவே தாங்கும். ஓர் அடி ஆழ ஈரமண் ஒரு சதுர மீற்றருக்கு 500 கிலோகிராமை எட்டும். எனவே முழுப் பாத்தியை விட்டுவிட்டு, தும்புத்தூளும் கூட்டெருவும் கூடுதலாகக் கலந்த பைகளைச் சுவருக்கும் பீமுக்கும் மேலாக ஓரங்களில் வரிசையாக வையுங்கள். கீரைக்கும் பசளிக்கும் அரையடி ஆழம் போதும். பைகளை நேரே தரையில் வைக்காமல் செங்கல்லின்மேல் வைத்தால் அடியில் நீர் ஓடும், தட்டும் காயும். மாடியின் நீர்வடிகால் வாயைச் சுற்றி இரண்டடிக்கு எதையும் வைக்காமல், அதன்மேல் கம்பிவலை மூடியொன்றைப் பொருத்தி, மழை நாட்களில் காலையில் ஒரு முறை இலைகளை அள்ளிவிடுங்கள்.